இடுப்புக் கிண்ணத்தில் பிளேட்: கால் ஊன்றாத 12 வாரங்கள்

முழங்காலில் சின்னச் சிராய்ப்பு, அவ்வளவுதான் வெளியே தெரிந்தது. உளுந்தூர்பேட்டை தாண்டியதும் முன்னால் போன லாரி திடீரென்று பிரேக் போட, எங்கள் கார் அதன் பின்னால் மோதியது. மச்சான் ஓட்டினார், நான் பக்கத்து இருக்கையில். பெல்ட் போட்டிருந்தும் வலது முழங்கால் டேஷ்போர்டில் இடித்துவிட்டது. இறங்கலாம் என்று பார்த்தால் கால் நகரவே இல்லை. குட்டையாகி, உள்பக்கம் திரும்பிக் கிடந்தது. முழங்காலில் விழுந்த அடி தொடை எலும்பு வழியாக ஏறி, அதன் மேல்முனையில் இருக்கும் பந்து, அது பொருந்தி உட்காரும் இடுப்புக் கிண்ணத்தின் பின்சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது என்று எக்ஸ்ரே பார்த்த பிறகுதான் தெரிந்தது.

ஆபரேஷன் எப்படி இருந்தது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அப்போது நான் மயக்கத்தில் இருந்தேன், சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு முன்னும் பின்னும் நடந்ததைத்தான் இதே முறிவோடு படுத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

108 ஆம்புலன்ஸ் கொண்டுபோய்ச் சேர்த்த இடத்தில் பணியில் இருந்த இளம் மருத்துவர் முதலில் கேட்டது, “கால் கட்டைவிரலை மேலே தூக்குங்க.” தூக்கினேன். இடுப்புக்குப் பின்னால் இறங்கும் சியாட்டிக் நரம்பு அடிபட்டிருந்தால் பாதம் தொங்கிவிடுமாம். அன்றிரவே மயக்கம் கொடுத்து, ஒருவர் இடுப்பை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை மடக்கி இழுத்துப் பந்தை உள்ளே தள்ளினார்கள். விபத்து நடந்து ஐந்து மணி நேரத்துக்குள் அது முடிந்தது. ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் பந்துக்குப் போகும் ரத்த ஓட்டம் கெட்டு, பிற்பாடு எலும்பே செத்துப்போகும் ஆபத்து கூடும் என்றார்கள். என் கால் இன்று இப்படி இருப்பதற்கு அந்த இரவுதான் பெரிய காரணம் என்று நம்புகிறேன். எலும்பைப் பிடிக்கும் உலோகப் பிளேட்டெல்லாம் அப்புறம் வந்ததுதான்.

அடுத்த ஐந்து நாள் டிராக்ஷன். முழங்காலுக்குக் கீழே எலும்பில் கம்பி குத்தி, கட்டிலின் கால்மாட்டில் கப்பி வழியாக எடை தொங்கவிட்டார்கள். உடனே ஆபரேஷன் செய்தால் என்ன என்று எனக்குக் கோபம். முதல் ஓரிரு நாளில் திறந்தால் ரத்தம் அதிகம் போகும், மூன்று வாரம் விட்டுவிட்டால் துண்டுகள் தப்பான இடத்தில் ஒட்டத் தொடங்கிவிடும், நடுவில் சரியான நாள் பார்க்க வேண்டும் என்று விளக்கினார் அறுவை மருத்துவர்.

அந்த ஐந்து நாளும் சித்தப்பா, “கட்டுப் போட்டா சேர்ந்துடும்பா, எதுக்குக் கத்தி?” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மருத்துவர் அவரையே கூப்பிட்டு சி.டி. ஸ்கேன் படத்தைக் காட்டினார். தேங்காய்ச் சிரட்டையின் விளிம்பில் ஒரு பகுதி பெயர்ந்தது போல இருந்தது. “கை எலும்பு கொஞ்சம் கோணலாச் சேர்ந்தாலும் சமாளிக்கலாம். இது மூட்டுக்கு உள்பக்கம். ரெண்டு மில்லிமீட்டர் மேடுபள்ளம் இருந்தாலே உரசி உரசித் தேஞ்சுடும். வெளியே போடுற கட்டு இந்தத் துண்டைப் பிடிக்காது” என்றார். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ரத்தம் கொடுக்க ஊரிலிருந்து இரண்டு பையன்களை அழைத்து வந்தவர் அவர்தான்.

ஆறாம் நாள் ஆபரேஷன். புட்டத்தின் பக்கமாகத் திறந்து, நரம்பை ஒதுக்கிப் பாதுகாத்து, துண்டைப் பொருத்தி ஸ்க்ரூ போட்டு, அதன்மேல் கிண்ணத்தின் வளைவுக்கு ஏற்ப அங்கேயே வளைத்த பிளேட்டை வைத்துப் பிடித்திருக்கிறார்கள். ஸ்க்ரூ எதுவும் மூட்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை என்பதை எக்ஸ்ரேயில் திருப்பித் திருப்பிச் சரிபார்த்தார்களாம். கண் விழித்ததும் கேட்டது அதே குரல்: “கட்டைவிரலைத் தூக்குங்க.” விரல் மேலே எழுந்ததைப் பார்த்து என் மனைவி அழுதுவிட்டாள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கிறது. அதற்குப் பிறகு முதல்வர் காப்பீட்டு அட்டையில் அனுமதி வாங்கினோம். ஏ.ஆர். காப்பியை (ஆஸ்பத்திரியில் விபத்தைப் பதிவு செய்யும் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரின் நகல்) முதல் நாளே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இன்சூரன்ஸ், கோர்ட் என்று எங்கே போனாலும் அதைக் கேட்பார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை. கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி. மனைவியே போடக் கற்றுக்கொண்டாள். சதைக்குள் புது எலும்பு வளராமலிருக்க ஆறு வாரம் மாத்திரை. இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடக்கக் கூடாது. அதனால் தரையில் உட்காருவது, சம்மணம், குந்துவது எதுவும் கிடையாது. எங்கள் வீட்டில் இந்தியன் கழிவறைதான். நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று வாங்கி அதன்மேல் வைத்தோம். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே இதை ஏற்பாடு செய்திருக்க வேண்டும். வீடு வந்த முதல் நாள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

வலது காலை 12 வாரம் ஊன்றவே கூடாது, விரல் நுனி மட்டும் தரையைத் தொடலாம். “காலுக்கு அடியில அப்பளம் இருக்கு, அது நொறுங்கக் கூடாதுன்னு நினைச்சு நடங்க” என்றார் பிசியோதெரபிஸ்ட். எடை பார்க்கும் மெஷினில் காலை வைத்து, எவ்வளவு அழுத்தினால் எத்தனை கிலோ காட்டுகிறது என்று பழகினேன். ஏழாவது வாரம் வலி சுத்தமாகப் போய்விட்டது. அதுதான் ஆபத்தான நேரம். ராத்திரி பாத்ரூமுக்கு வாக்கர் இல்லாமல் இரண்டு எட்டு வைத்துவிடலாமா என்று மனம் கிடந்து அடிக்கும். ஒரு நாள் எழுந்தே நின்றுவிட்டேன். அம்மா விளக்கைப் போட்டு, “உக்காருடா” என்று ஒரு அதட்டல் போட்டாள். உட்கார்ந்துவிட்டேன்.

13-வது வாரம் ஊன்றியபோது இடுப்புச் சதை வலுவிழந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தேன். பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்கும் பயிற்சியை நான்கு மாதம் விடாமல் செய்ததும் அது சரியானது.

இப்போது 14 மாதம் ஆகிறது. பைக் ஓட்டுகிறேன், மாடி ஏறுகிறேன். பிளேட்டை எடுக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். பந்தின் ரத்த ஓட்டக் கோளாறு தாமதமாகவும் தலைகாட்டலாம், மூட்டு தேய்ந்தால் பின்னாளில் மாற்று மூட்டு வைக்க வேண்டியும் வரலாம் என்பதால் தவறாமல் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். போன மாதம் எடுத்ததில் பந்து உருண்டையாகவே இருக்கிறது. அப்பா திதிக்கு நாற்காலியில் உட்கார்ந்து தர்ப்பணம் செய்தேன். அடுத்த எக்ஸ்ரே தை மாதம்.