பிட்டர் பியருக்கு ஹாப்ஸ்: முழுப் பூவும் பெல்லட்டும்

மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), ஈஸ்ட், தண்ணீர் எதையும் மாற்றாமல், பியருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப்பூவான ஹாப்ஸில், இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் விளைந்த கோல்டிங்ஸ் வகையை ஒருமுறை உலர்ந்த முழுப் பூவாகவும் மறுமுறை பெல்லட்டாகவும் (அரைத்து அழுத்திய சிறு குளிகை) இட்டு, 20 லிட்டர் அளவில் இங்கிலீஷ் பிட்டர் காய்ச்சிப் பார்த்தேன். இரண்டு பொட்டலங்களிலும் ஆல்ஃபா அமிலம் 5 சதவீதம் என்றே அச்சிடப்பட்டிருந்தது.

கசப்பைத் தருவது அந்த அமிலமே. அது கொதிக்கும் வோர்ட்டில் (மால்ட்டிலிருந்து எடுத்த, இன்னும் நொதிக்காத இனிப்புச் சாறு) வடிவம் மாறிக் கரைய வேண்டும் என்பதால்தான் முதல் ஹாப்ஸை ஒரு மணி நேரம் கொதிக்க விடுகிறோம். பெல்லட் செய்யும்போது பூவை அரைத்து அழுத்துவதால், மஞ்சள் துகள்களான லுபுலின் பைகள் உடைந்து, அமிலம் வோர்ட்டில் எளிதாக இறங்குகிறது. ஆகவே பெல்லட்டில் சுமார் 10 சதவீதம் கூடுதல் கசப்பு கிடைக்கும் என்ற வழக்கமான கணக்கின்படி, 30 ஐபியு (பியரின் கசப்பை அளக்கும் அலகு) கசப்புக்குப் பூவில் 48 கிராமும் பெல்லட்டில் 44 கிராமும் எடுத்தேன். குடித்துப் பார்த்ததில் கசப்பில் சொல்லும்படியான வேறுபாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வேறுபாடு பாத்திரத்தின் அடியில் தெரிந்தது. பூக்கள் வோர்ட்டைத் தாராளமாக உறிஞ்சிக்கொண்டாலும், துளைத் தட்டின் மேல் படிந்து தாமே வடிகட்டியாகிவிடுவதால், குழாயைத் திறந்ததும் தெளிந்த வோர்ட் இறங்கியது. பெல்லட்டோ கரைந்து பச்சைச் சேறாகி, தட்டின் துளைகளை அடைத்துக்கொண்டது. துளைத் தட்டுக்குப் பதிலாகப் வோர்ட்டைச் சுழலக் கலக்கி நடுவில் வண்டலைக் குவிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

நொதித்த பின் மணத்துக்காகச் சேர்ப்பதற்குப் பெல்லட்டே மேல் என்பது என் முடிவு. பூ மிதக்கும்; பையில் கட்டிக் கனம் வைத்து அமிழ்த்த வேண்டும். பெல்லட் விரைவில் பிரிந்து மணத்தை விடுகிறது, பிறகு குளிர வைத்தால் பெரும்பாலும் அடியில் படிகிறது.

சேமிப்பிலும் பெல்லட்டுக்கே சாதகம். பூவில் காற்று எளிதில் புகுந்து அமிலத்தையும் எண்ணெயையும் கெடுக்கும். பாலாடைக்கட்டி நாற்றம் அடித்தால் வாங்கவே கூடாது. எதுவானாலும் வெற்றிடப் பொட்டலத்தில் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். நாய் வளர்ப்போர் பயன்படுத்திய ஹாப்ஸைக்கூடத் திறந்த உரக்குழியில் கொட்டக் கூடாது, அது நாய்களுக்குக் கொடிய நஞ்சு.

அடுத்த முறை தொடக்கத்தில் பெல்லட்டையும், அடுப்பை அணைத்தவுடன் முழுப் பூவையும் இட்டு, அந்தப் பூப்படுகையே பெல்லட் சேற்றைத் தடுக்கிறதா என்று பார்க்கப் போகிறேன்.