இரண்டு மணித் தூக்கம்

மே 31, சனி
பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஏழு மணிக்கே சைக்கிளோடு வாசலில் நிற்கிறார்கள். எட்டாம் வாய்பாட்டின் நடுவே பெரியவன் ஜன்னலைப் பார்த்துவிட்டான். "நமக்கு எப்போது அம்மா லீவு?" பதில் சொல்வதற்குள் பால் பொங்கிவிட்டது.

ஜூன் 2, திங்கள்
மலேசிய மாமன்னர் பிறந்தநாள். நாட்டுக்கே விடுமுறை. எனக்குப் பசியாற இட்லி, பிறகு பின்னம், பிறகு துணி. பத்து மணிக்கு ஊற்றிய தேநீரைப் பன்னிரண்டுக்குத் துணிக்கூடையின் பின்னால் கண்டெடுத்தேன். மேலே ஆடை, அதில் ஓர் எறும்பு.
வீட்டிலேயே படிக்கவைக்கக் கேட்ட விலக்குக் கடிதம் வரவில்லை.

ஜூன் 4
தூங்கவில்லை. மேலே சுற்றும் காற்றாடி கிறீச் கிறீச்.

ஜூன் 5, வியாழன்
மூன்று நாள் தொடர்ந்து 35 பாகையைத் தொட்டால் வானிலைத் துறை முதல்நிலை எச்சரிக்கை விடும் என்று நேற்று நான்தான் பாடம் நடத்தினேன். இன்று சுவரில் இருந்த வெப்பமானியில் 36. பெரியவன் நோட்டில் மூன்று நாள் கணக்கும் இருக்கிறது. "எச்சரிக்கை வந்துவிட்டது, பாடம் வேண்டாம்" என்கிறான். விதி தெரிந்த பிள்ளையை வளர்ப்பது கஷ்டம். விட்டுவிட்டேன். சின்னவள் சிமெண்டுத் தரையில் தண்ணீர் ஊற்றிப் படுத்துக்கொண்டாள். நானும் படுத்திருப்பேன், அத்தை பார்க்காமல் இருந்திருந்தால்.

ஜூன் 9, திங்கள்
பென்சில் போட்டு வைத்திருக்கும் மங்கு அத்தையுடையது. ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டியிருந்த பீங்கான். உள்விளிம்பில் காய்ந்த ஒட்டுப்பால் கறுத்துக் கிடக்கிறது, நகத்தால் சுரண்டினாலும் வராது. இன்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடும்போது, தூங்குகிற பிள்ளையை அப்படியே ஆயாக்கொட்டகையில் போட்டுவிட்டுப் போவாராம். நானூறு மரம். பால் ஸ்டோரில் நிறுத்துவிட்டுத் திரும்பினால் மதியம். "உன்னைப்போல் நாள் முழுக்கப் பிள்ளையோடு இருக்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை."
ஆசையாகச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா? இரவு முழுக்க இதுதான். எனக்கோ அந்தக் கொட்டகை மீதே ஆசை வந்தது. வரிசையாகத் தொட்டில், ஓர் ஆயா, கதவைத் தாண்டி வெளியே நான். இதை அவரிடம் சொல்ல முடியுமா? நானூறு மரத்தில் பால் வெட்டியவரிடம்? அவர் கால் ஆணி இன்னும் ஆறவில்லை. சொல்லமாட்டேன்.
சிங்கப்பூரிலிருந்து என் வீட்டுக்காரர் அழைத்தார். "மதியம் கொஞ்சம் படு" என்றார். எங்கே, எப்போது என்று அவரே சொல்லியிருக்கலாம்.

ஜூன் 12
கடிதம் இல்லை. ஆரம்பக்கல்வி 2003 முதல் கட்டாயம். விலக்கு கையில் வராமல் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுப்பதை யாராவது கேட்டால்? பெரியவனின் மருத்துவச் சீட்டுகளை மறுபடி அடுக்கி வைத்தேன். ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

ஜூன் 16, திங்கள்
நம் சுங்கை சிப்புட்டில் 1948இல் இதே தேதியில்தான் இரண்டு தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைச் சுட்டார்கள், அதையொட்டிக் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது, 1960 வரை நீடித்தது என்றேன். அத்தையின் அம்மா முள்வேலி போட்ட குடியிருப்புக்குள் இருந்த கதையை அத்தை சொன்னார். ஊரடங்கு வந்தால் இருட்டியபின் வெளியே வரக்கூடாது. சின்னவள் கேட்டாள்: "அப்போது எல்லாரும் சீக்கிரம் தூங்கியிருப்பார்கள், இல்லையா அம்மா?"
அரைமணி நேரம் சிரித்தேன். பிறகு ஏன் அழுகை வந்ததென்று தெரியவில்லை.

ஜூன் 18
எங்கேயோ எரிக்கிறார்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டவில்லை. இருந்தும் ஜன்னல்களை அடைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி
இரண்டு மணி. இருவரும் தூங்குகிறார்கள். அத்தை சொல்லி, பக்கத்து வீட்டு அண்ணன் காற்றாடிக்குத் தையல் மெஷின் எண்ணெய் விட்டுவிட்டுப் போனார். சத்தமே இல்லை. பாயை விரித்துப் படுத்தும் விட்டேன். சத்தம் நின்றதால் பெரியவனின் மூச்சு கேட்கிறது. உள்ளே போகும்போது மெல்லிய விசில். எழுந்து உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று