ஆத்தூர் முதல் ஏற்காடு வரை: நிதிப் பயணத்தின் கடைசி நாள்

சென்னையிலிருந்து திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி வழியாக ஆத்தூர் வந்து சேர்ந்திருந்த எங்கள் சைக்கிள் குழுவுக்குக் கடைசி நாளில் எஞ்சியிருந்தவை, சேலம் வரையிலான சுமார் 50 கிலோமீட்டர் நெடுஞ்சாலையும் அதற்கப்பால் ஏற்காட்டு மலைப்பாதையும்தான். செவித்திறன் குறைந்த பிள்ளைகளின் காதுக் கருவிகளுக்குப் பேட்டரி வாங்குவதற்காக இந்த நிதியைத் திரட்டினோம். கருவியை யாரேனும் ஒருமுறை வாங்கித் தந்துவிடுகிறார்கள். ஆனால் அதிலுள்ள பொத்தான் அளவுப் பேட்டரி ஒன்றிரண்டு வாரங்களில் தீர்ந்துவிடுவதால், மாற்ற வசதியில்லாத வீட்டில் கருவி டப்பாவுக்குள்ளேயே கிடக்கிறது. ஒவ்வொருவரும் கடக்கும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நன்கொடையாளர்கள் ஒப்புக்கொண்டிருந்தமையால், ஒருவர்கூட வழியில் வேனில் ஏறிவிடாமல் மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பதே எங்கள் முதல் கவலையாக இருந்தது.

விடியுமுன் கிளம்பி, வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் கடந்து சேலத்துக்குள் நுழைந்தோம். அதுவரை சிரமமில்லை. சமவெளியில் முன்னால் செல்பவர் காற்றை வாங்கிக்கொள்வதால், பின்னால் ஒட்டி வருபவருக்கு, வேகத்தைப் பொறுத்து, கால் பங்கு உழைப்புக்கு மேல்கூட மிச்சமாகும்; முறைவைத்து முன்னிலை மாறினால் குழு முழுவதும் ஒரே சீராக நகரும்.

மலையில் இந்தக் கணக்கு செல்லாது. சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடோ 1,500 மீட்டர் அளவில். மணிக்கு 7, 8 கிலோமீட்டரில் ஏறும்போது எதிர்ப்பது காற்றல்ல, உடலின் எடை. அங்கே ஒருவரை ஒருவர் ஒட்டிச் செல்வதால் பயனில்லை என்பது மட்டுமன்று, அடுத்தவர் வேகத்துக்கு இழுபட்டு மூச்சு முட்டிப்போகும் ஆபத்தும் உண்டு. ஆகவே அடிவாரத்தில் நின்று, அவரவர் வேகத்தில் ஏறுவது, ஐந்து கொண்டை ஊசி வளைவுகளுக்கு ஒருமுறை நின்று அனைவரும் கூடுவது என்று முடிவு செய்தோம். மொத்தம் 20 வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் பலகை இருப்பதால் இடத்தைக் குறிப்பது எளிது.

நான் கடைசி ஆளாக, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருடன் வந்தேன். பேச முடிகிற அளவுக்கு மட்டுமே மிதிக்க வேண்டும் என்பது நீண்ட ஏற்றத்துக்கு நம்பகமான அளவுகோல். அவர் அதற்குக் குறளை வைத்துக்கொண்டார். ஏழு சீரும் ஒரே மூச்சில் வந்தால் சரி, நான்காம் சீரில் மூச்சு வாங்கினால் கியரை இறக்கிவிடுவார். “ஐயா, நிக்கலாமா?” என்று கேட்டேன். “இன்னும் ரெண்டு குறள் தாங்கும் தம்பி, அடுத்த வளைவுல பாத்துக்கலாம்” என்றார். மனம் நெகிழ்ந்துபோயிற்று.

வளைவுகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் இடப்பக்கம் செல்வதால், இடப்புறம் திரும்பும் வளைவில் உள்விளிம்பின் செங்குத்தான பகுதி நமக்கு வாய்க்கிறது. அதற்குச் சற்று முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், உள்ளே போனபின் மாற்றினால் சங்கிலி திணறும். வலப்புற வளைவு அகலமாக இருப்பதால் அங்கே மூச்சை மீட்டுக்கொள்ளலாம். வாழைப்பழத்தை வெளியே எடுக்காதிருப்பது நல்லது, குரங்குகள் காத்திருக்கின்றன.

மேலே சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் படர்ந்த மிளகுக் கொடிகளும், கீழே காப்பிச் செடிகளுமாகப் பாதை குளிர்ந்தபோது ஆசிரியர் குறள் சொல்வதை நிறுத்தி, பேச்சுக் கொடுக்கத் தொடங்கினார். இருபதாவது வளைவில் காத்திருந்தவர்கள் அவரை முன்னே விட்டு, ஏரி வரை பின்தொடர்ந்தார்கள். யாரும் வேனில் ஏறவில்லை.

இறங்கும்போது மட்டும் வேனைப் பயன்படுத்தினோம். தொடர்ந்து பிரேக் பிடித்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கக்கூடும் என்பதால் ரிம் பிரேக் சைக்கிள்கள் அனைத்தையும் ஏற்றிவிட்டு, டிஸ்க் பிரேக் உள்ளவர்கள் மட்டும் இடைவெளி விட்டு இறங்கினோம். அடிவாரத்தில் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்த பிறகே கலைந்தோம்.