பாக்கி இரண்டு மாதம்

வருடக் கடைசி இரவு ஆராதனையில் எங்கள் பாஸ்டர் பாவிகளைவிட அதிகமாகப் பயப்படுவது அந்த வருடம் கர்த்தர் செய்த நன்மைகளைச் சாட்சியாகச் சொல்ல வருபவர்களுக்குத்தான். நள்ளிரவு பன்னிரண்டுக்குச் சபை முழங்காலில் இருந்தாக வேண்டும். அதனால், "ஒருவருக்கு இரண்டே நிமிடம்" என்று இந்த முறையும் கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தார்.

பதினொன்றரைக்கு முன்வரிசைத் தாத்தா எழுந்தார். கையில் டைரி. ஒரு மாதத்துக்கு ஒரு பக்கம்.

"ஜனவரி. வலது முழங்கால் வலி போனது, ஸ்தோத்திரம். பிப்ரவரி. அது இடது முழங்காலுக்கு வந்தது. வலதுக்கு ஓய்வு கிடைத்ததே, அதற்கும் ஸ்தோத்திரம்."

சபை தாராளமாக ஆமென் சொன்னது. மார்ச்சில் அவருடைய தொலைந்துபோன மூக்குக்கண்ணாடி வேதாகமத்துக்குள், லேவியராகமத்தில் கிடைத்ததாம். (அத்தனை நாளும் அந்த வீட்டில் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை என்பதும் சேர்ந்தே அம்பலமானது.) மே மாதம் மருமகள் உப்பைக் குறைத்தாள், ரத்த அழுத்தம் குறைந்தது, ஆகவே மருமகளுக்காகவும் ஸ்தோத்திரம். மூன்றாம் வரிசையில் அந்த அக்கா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். வீட்டில் அந்த நன்றியை நேரில் கேட்ட மாதிரி தெரியவில்லை.

ஆகஸ்டுக்கு, "ஆஸ்பத்திரி" என்று மட்டும் சொல்லிப் பக்கத்தைத் திருப்பினார். அதற்கு அவர் ஸ்தோத்திரம் சொல்லவில்லை, நாங்களும் ஆமென் சொல்லவில்லை. எனக்கு அந்த மாதம்தான் மிகவும் பிடித்தது. எல்லாவற்றுக்கும் சிரித்த முகமாக நன்றி சொல்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. வேதாகமத்தில் சங்கீதங்களைப் பாடிய சங்கீதக்காரர்களே அப்படிச் செய்யவில்லை, "எதுவரைக்கும்?" என்று கேட்டுவிட்டுத்தான் துதிக்கவே ஆரம்பிக்கிறார்கள்.

மணி பதினொன்று ஐம்பது. பாஸ்டர் கண்ணைக் காட்ட, கீபோர்டு தம்பி மெதுவாக வாசிக்க ஆரம்பித்தான். முடியுங்கள் என்று அர்த்தம். தாத்தாவோ தனக்குப் பின்னணி இசை போடுகிறார்கள் என்று நினைத்துச் செப்டம்பரை இன்னும் உருக்கமாக இழுத்தார்.

இந்த விழித்திருக்கும் ஆராதனை 1733-இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொராவியர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தொடங்கியது என்பார்கள். ஜான் வெஸ்லி அதைத் தான் தொடங்கிய மெத்தடிஸ்ட் இயக்கத்துக்குக் கொண்டுபோனார். 1862 டிசம்பர் 31 இரவு அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஆலயங்களில் கண்விழித்திருந்தார்கள். விடிந்தால் அடிமைகளை விடுவிக்கும் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் அமலுக்கு வரும் என்று. நாங்கள் கண்விழித்திருந்தது அக்டோபர் எப்போது முடியும் என்று.

முடியவில்லை. பாதி அக்டோபரில் மணி அடித்துவிட்டது. எல்லோரும் தடதடவென்று முழங்காலில் விழ, தாத்தா மட்டும் நிதானமாக டைரியை மூடினார். "நவம்பர், டிசம்பர் பாக்கி. அதை அடுத்த வருஷக் கடைசியில் சொல்கிறேன். பாக்கியை வசூலிக்கவாவது கர்த்தர் என்னை வைத்திருப்பார்."

நள்ளிரவு ஜெபத்தில் சபையே குலுங்கியது அன்றைக்குத்தான். பக்திப் பரவசம் என்று பாஸ்டர் நினைத்திருந்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

அப்புறம் வாக்குத்தத்த அட்டை, அதாவது புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வசனம். இப்படிச் சீட்டெடுத்து வசனம் பார்ப்பதிலும் மொராவியர்கள் பழுத்தவர்கள்; நாளுக்கொரு வசனமாகத் தொகுத்து 1731 முதல் அச்சிட்டு வருகிறார்கள். எங்கள் அட்டைகளில் ஒரு சாமர்த்தியம் உண்டு. "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்பது அச்சில் இருக்காது. "திடன்கொள்ளுங்கள்" என்பதிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

கீபோர்டு தம்பிக்கு எரேமியா 29:11 வந்தது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." வேலை தேடிக்கொண்டிருப்பவன், முகமெல்லாம் பல்லாகத் தாத்தாவிடம் போய்க் காட்டினான்.

"அருமையான வசனம். இதற்கு முந்தின வசனத்தையும் படி தம்பி."

அவன் செல்போனில் தேடிப் படித்தான். பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு எழுதிய கடிதம் அது. எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் திரும்ப அழைத்துவருவேன் என்கிறார் கர்த்தர். தம்பியின் முகம் விழுந்துவிட்டது.

"எழுபது வருஷமா, தாத்தா?"

"உனக்கென்னப்பா, வயசிருக்கு. அவசரமெல்லாம் எங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, தாத்தா தன் அட்டைக்காக வரிசையில் முண்டியடித்துக்கொண்டு போனார்.