பலூன் போட்ட பிறகும் எக்கோ எதற்கு?

கடலூர், பண்ருட்டி பக்கத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோரிமேடு ஜிப்மருக்குப் போகிற பெற்றோருக்காக எழுதுகிறேன். எங்கள் மகளுக்கு நுரையீரலுக்கு ரத்தம் போகிற வால்வில் பிறவியிலேயே சுருக்கம். இதயத்தைப் பார்க்கும் ஸ்கேனான எக்கோவில் கிரேடியன்ட், அதாவது வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம், 85. ரத்தம் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்று பார்த்து அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். 64-க்கு மேல் போனால் கடுமையான சுருக்கம்.

சுருங்கிய வால்வைத் திறக்கும் பலூன் சிகிச்சைக்கு நெஞ்சைத் திறப்பதில்லை. தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியாகக் கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயை ஏற்றி, வால்வின் வளையத்தைவிடச் சற்றே பெரிய பலூனைச் சில நொடிகள் ஊதிச் சுருக்கிவிடுகிறார்கள். அதைவிடச் சிரமம், முடிந்த பிறகு பல மணி நேரம் காலை மடக்காமல் அவளைப் படுக்க வைத்ததுதான். அவள் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லியே சமாளித்தார்.

வால்வு நன்றாகத் திறந்துவிட்டது என்றார்கள். ஆனால் மறுநாள் எக்கோவில் 40 என்று வந்ததும் நானும் என் வீட்டுக்காரரும் கலங்கிவிட்டோம். சிகிச்சை பலிக்கவில்லையோ என்ற பயம். டாக்டர் படம் வரைந்து விளக்கினார். குறுகிய வழியில் இத்தனை வருஷம் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலது கீழறையின் தசை தடித்துவிட்டது. வால்வு திறந்ததும் எதிர்ப்பு குறைகிறது. அப்போது வால்வுக்குக் கீழே உள்ள தடித்த தசை ஒவ்வொரு துடிப்பிலும் இறுகி வழியை அடைக்கிறது. சிலருக்கு இது ஆபத்தான அளவுக்கும் போகுமாம். அதனால்தான் இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் புரோப்ரனலால் மாத்திரை கொடுத்தார்கள். பாரம் குறைந்தால் தடிப்பு மாதக்கணக்கில் மெல்ல வடியும் என்றார். அப்படியே நடந்தது. அடுத்தடுத்த எக்கோவில் எண் இறங்கி இப்போது 18-ல் நிற்கிறது. படியேறினால் முன்புபோல் மூச்சு வாங்குவதில்லை.

எண் குறைந்தாயிற்று என்று ரிவ்யூவை மட்டும் விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. வால்வின் ஒட்டியிருந்த இதழ்களைப் பலூன் பிரித்துவிடும்போது அதில் கொஞ்சம் லீக் வருவது, அதாவது ரத்தம் பின்னோக்கிக் கசிவது, சகஜம். பெரும்பாலும் பிள்ளைகள் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். லீக் அதிகமாக இருந்தால் பல வருஷம் கழித்து வலது கீழறை விரியக்கூடும். வெளியே எந்தத் தொந்தரவும் தெரியாமலேயே இது நடக்கலாம். எக்கோதான் காட்டிக்கொடுக்கும்.

இப்போதெல்லாம் நான் கிரேடியன்டோடு நிறுத்துவதில்லை. லீக் எவ்வளவு, வலது கீழறையின் அளவு என்ன, அது சுருங்கி விரிவது எப்படி இருக்கிறது என்று மூன்றையும் கேட்கிறேன். எக்கோ படத்தாள் நாளாக நாளாக வெளுத்துவிடும். வாங்கிய அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, முதல் ரிப்போர்ட்டிலிருந்து வரிசையாக ஒரே ஃபைலில் வையுங்கள். டாக்டர் பழைய அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.