அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. இந்தக் காலத்துக்கு எத்தனை?

ரிசல்ட் வரும் நாளில் பல வீடுகளில் தப்பாமல் வரும் வசனம் இது: "நாங்க படிச்ச எஸ்.எஸ்.எல்.சி. இப்போ டிகிரிக்குச் சமம்டா." சொல்கிறவர் எழுபதைத் தாண்டியவர், கேட்பது பிளஸ் டூ முடித்த பேரன். இடையில் அப்பா, "எங்க காலத்துல என்ட்ரன்ஸ் இருந்துச்சு, தெரியுமா?" என்று தன் பங்குக்கு ஆரம்பிப்பார். தமிழ்நாட்டில் மூன்று தலைமுறையும் படித்தது மூன்று வேறு ஏற்பாடுகளில். அது பிடிபடாமல் மார்க்கை மட்டும் எடுத்து வைத்துப் பேசினால் சண்டைதான் மிஞ்சும்.

முதலில் வருடக் கணக்கு. பழைய எஸ்.எஸ்.எல்.சி. என்பது பதினோராம் வகுப்பு. அதற்கு மேல் கல்லூரியில் ஒரு வருடம் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு, பிறகு மூன்று வருடம் பட்டம். 1978-ல் பிளஸ் ஒன் பள்ளிக்குள் வந்தது. 1980 மார்ச்சில் முதல் பிளஸ் டூ பேட்ச் பரீட்சை எழுதியது. 11+1+3, 10+2+3 இரண்டுக்கும் கூட்டல் பதினைந்துதான். ஆக, தாத்தாவின் எஸ்.எஸ்.எல்.சி. இன்றைய பத்தாம் வகுப்பைவிட ஒரு வருடம் கூடுதல், பிளஸ் டூவைவிட ஒரு வருடம் குறைவு. டிகிரிக்குச் சமம் என்பது வருடக் கணக்கில் நிற்காது. வேறு கணக்கில் நிற்கும், அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கூட்டல் வெறும் பழங்கதை இல்லை. டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கைகளில் பட்டப்படிப்புத் தகுதிக்குப் பக்கத்தில் இந்த 10+2+3 அல்லது 11+1+3 இன்றும் அச்சாகிறது. பத்தாம் வகுப்போ பிளஸ் டூவோ முடிக்காமல், வயதை மட்டும் காட்டித் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் சிக்குவது இங்கேதான். பட்டம் கையில் இருக்கும், எழுத்துத் தேர்விலும் தேறியிருப்பார்கள், சான்றிதழ் சரிபார்ப்பில் கழித்துவிடுவார்கள். வீட்டில் யாராவது வேலை பார்த்துக்கொண்டே படிக்கக் கிளம்பினால், பணம் கட்டுவதற்கு முன் இந்த வரியைப் படிக்கச் சொல்லுங்கள். பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதி முடித்துவிட்டுப் பட்டத்துக்குப் போனால் இந்தச் சிக்கலே இல்லை.

பழைய எஸ்.எஸ்.எல்.சி. ஒற்றைத் தாள் அல்ல, புத்தகம். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, வலது முழங்கையில் மச்சம் மாதிரியான அங்க அடையாளங்கள், படித்த பள்ளி, மார்க் எல்லாம் அதற்குள்ளேயே. பாஸ் என்று இன்று நாம் சொல்லும் இடத்தில் அப்போது கேட்ட கேள்வி, "எலிஜிபிளா?" என்பது. கல்லூரிப் படிப்புக்குத் தகுதி உண்டா என்று அர்த்தம். எலிஜிபிள் இல்லாதவரும் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர்தான், ஆனால் பி.யு.சி. வாசல் அவருக்குத் திறக்காது. பெரும்பாலும் காலை வாரியது இங்கிலீஷ். மார்ச்சில் விட்டதை அக்டோபரில் எழுதினார்கள், அதிலும் போனால் அடுத்த மார்ச். கணக்கில் வேறொரு பிரிவு இருந்தது: காம்போசிட் மேத்ஸ், ஜெனரல் மேத்ஸ். ஜெனரல் மேத்ஸ் எடுத்த பையனுக்கு இன்ஜினியரிங் கனவு பதினாலு வயதிலேயே ஏறக்குறைய முடிந்துவிட்டது, பல வீடுகளில் யாருக்கும் தெரியாமலே. எந்தக் கணக்கு என்பதைப் பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியார் இருந்தார் என்பதே தீர்மானித்த ஊர்களும் உண்டு.

அந்தப் புத்தகம் எந்தக் கதவுகளைத் திறந்தது? வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு. பக்கத்துத் தெரு இன்ஸ்டிட்யூட்டில் டைப்ரைட்டிங் லோயர் நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையர் 45 வார்த்தை; கையோடு ஷார்ட்ஹேண்டும் முடித்தால் ஸ்டெனோ. எழுத்தர் வேலை, தபால் இலாகா, வங்கி கிளார்க், இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி. இப்போது வங்கி கிளார்க் வேலைக்குத் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ். கேட்பது பட்டம். "டிகிரிக்குச் சமம்" என்பது இந்த இடத்தில் அப்பட்டமான உண்மை. அவர் எஸ்.எஸ்.எல்.சி.யை வைத்து உட்கார்ந்த நாற்காலியில் பேரன் உட்கார டிகிரி வேண்டும். ஆனால் அதன் பொருள் பாடம் கடினமாக இருந்தது என்பதல்ல, அந்தச் சான்றிதழ் அரிதாக இருந்தது என்பதுதான்.

தரம் பற்றிய பேச்சில் நம்மை ஏமாற்றுவதும் அது அரிதாக இருந்ததுதான். அன்று பதினோராம் வகுப்பு வரை வந்தவர்கள் ஏற்கெனவே பல முறை சலித்தெடுக்கப்பட்டவர்கள். ஐந்தாம் வகுப்போடு வயலுக்குப் போனவர்களும், எட்டாம் வகுப்புத் தேர்வான இ.எஸ்.எல்.சி.யோடு நின்றவர்களும், வயசுக்கு வந்ததும் நிறுத்தப்பட்ட பெண்களும் அந்த வகுப்பறையில் இல்லை. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் எல்லோரும் பத்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். சலித்த நெல்லையும் சலிக்காத நெல்லையும் பக்கத்தில் வைத்து எது நல்ல விதை என்று கேட்பது சரியான கேள்வி இல்லை. தாத்தா பிழையில்லாமல் இங்கிலீஷ் லெட்டர் எழுதுவார் என்பது உண்மையாகவே இருக்கலாம். அதில் பள்ளிக்கூடத்தின் பங்கு எவ்வளவு, முப்பது வருடம் ஆபீஸில் டிராஃப்ட் போட்ட பழக்கத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். என் கணிப்பில் இரண்டாவதுதான் அதிகம்.

அப்பாவின் தலைமுறைக்கு வருவோம். சல்லடை இப்போது பிளஸ் டூவுக்கு நகர்ந்துவிட்டது. ஆறு பாடம், தலா 200, மொத்தம் 1200. அதோடு 1984-ல் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு வந்து 2006 வரை இருந்தது. கட்-ஆஃப் மொத்தம் 300: பிளஸ் டூ மார்க்கிலிருந்து 200, நுழைவுத்தேர்வுக்கு 100. 2007 சேர்க்கை முதல் நுழைவுத்தேர்வு போய், இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200 ஆனது. அப்பா "256 எடுத்தேன்" என்பார், மகள் "186" என்பாள், பாட்டி "உன்னைவிடக் கம்மிதானே!" என்று முடித்துவிடுவார்.

போட்டுப் பார்த்துவிடலாம். கணக்கு 190, இயற்பியல் 180, வேதியியல் 184, எல்லாம் 200-க்கு. கணக்கை 100-க்குக் குறைத்தால் 95. மற்ற இரண்டையும் தலா 50-க்குக் குறைத்தால் 45, 46. மொத்தம் 186. இதோடு நுழைவுத்தேர்வில் 70 சேர்ந்தால்தான் அப்பாவின் 256. மகள் எழுதியது 600 மார்க் முறையில், பாடத்துக்கு 100. கணக்கு 95 அப்படியே நிற்கும். இயற்பியல் 90, வேதியியல் 92 பாதியாகி 45, 46. அதே 186. ஆக, பிளஸ் டூ பகுதியில் இருவரும் ஒன்றே. ஆனால் இந்த 186 எந்தக் கல்லூரியில் என்ன பிரிவைத் தரும் என்பது அந்த வருடம் எத்தனை பேர் அதற்கு மேல் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் கவுன்சலிங்கில் கட்-ஆஃபை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், ரேங்க் எண்ணை எடுத்து, முந்தைய வருடம் அந்த ரேங்க்கை ஒட்டி எந்தக் கல்லூரிகள் போயின என்று பாருங்கள். வினாத்தாள் எளிதாக இருந்த வருடத்தில் கட்-ஆஃப் மேலே ஏறும், ரேங்க் அந்த அளவுக்கு அசையாது.

பத்தாம் வகுப்பிலும் இப்படி ஒரு குழப்பம் உண்டு. மெட்ரிக் பள்ளியில் 1100-க்கு, ஸ்டேட் போர்டில் 500-க்கு என்று தனித்தனிப் பாடத்திட்டம் ஓடிய காலம் அது. சமச்சீர் கல்வி 2010-ல் ஒன்றாம், ஆறாம் வகுப்புகளிலும், அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மற்ற வகுப்புகளிலும் வந்தபின் எல்லோருக்கும் ஒரே 500. அதற்கு முந்தைய மார்க் ஷீட்டைப் பார்த்தால் முதலில் எந்த போர்டு என்று பாருங்கள், அப்புறம் சதவீதம் போடுங்கள்.

இப்போது படிப்பவர்களின் காலத்துக்கு வந்தால், சல்லடை பள்ளிக்கூடத்தை விட்டே வெளியே போய்விட்டது. 2017 முதல் மருத்துவத்துக்கு நீட், பிளஸ் டூ உயிரியல் மார்க் ரேங்க்கில் சேராது. அதே 2017-ல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதும் நின்றது. 1200 மார்க்கின் கடைசி பேட்ச் 2018. அந்த ஆண்டே பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. அதற்குக் காரணம் ஊரறிந்தது: பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே திரும்பத் திரும்ப எழுத வைத்தன. போர்டு பரீட்சையில் சென்டம் வந்தது. ஆனால் ஜே.இ.இ., நீட் வினாத்தாள்களில் ஏறக்குறைய பாதி பிளஸ் ஒன் பாடம். இன்ஜினியரிங் முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் விழுந்ததற்கும் இதுவே பெரிய காரணம். விசை, நியூட்டன் விதி, வேதிப்பிணைப்பு, திரிகோணமிதி எல்லாம் பிளஸ் ஒன்னில்தான் இருக்கின்றன, அதைத் தாண்டிக் குதித்தவனுக்கு மேலே எதுவும் ஒட்டாது.

2025-26 கல்வியாண்டு முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இல்லை என்று அரசு அறிவித்துவிட்டது. பிள்ளைகளுக்கு மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்ற சுமை குறைந்தது நல்லது. பழைய தந்திரம் திரும்புமா என்று கவனிக்க வேண்டியது பெற்றோர் வேலை. பிளஸ் ஒன் அரையாண்டு சமயத்தில் நோட்டைத் திறந்து பாருங்கள். பிளஸ் டூ புத்தகத்தின் முதல் பாடம் அதில் இருந்தால் பள்ளியில் போய்க் கேளுங்கள்.

கொரோனா பேட்ச் தனி. 2021-ல் பிளஸ் டூ எழுதாமலே மார்க் வந்தது: பத்தாம் வகுப்புக்கு 50 சதவீதம், பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறைக்கும் அக மதிப்பீட்டுக்கும் 30. அதே வருடம் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மார்க்கே இல்லை, தேர்ச்சி என்று மட்டும்தான் இருக்கும். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் இதைப் பார்த்து முகத்தைச் சுளிப்பது அநியாயம். அந்தப் பிள்ளைகள் கேட்டு வாங்கியது அல்ல அது.

சல்லடை நகர்ந்துவிட்டது, அறிவுரை மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. தாத்தா "ஒரு கவர்ன்மென்ட் உத்தியோகம் பாரு" என்கிறார். அவர் மனதில் இருப்பது வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பு. இன்றைய குரூப் 4-க்குக் கல்வித் தகுதி இன்னும் பத்தாம் வகுப்புதான், ஆனால் பட்டதாரிகளோடு மோத வேண்டும். 200 கேள்வி, 300 மார்க். முதல் 100 கேள்வி தமிழ், அதில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். தமிழை எட்டாம் வகுப்போடு மறந்துவிட்ட பிள்ளை முதலில் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து தொடங்க வேண்டும், பொது அறிவு கைடிலிருந்து அல்ல. பத்தாம் வகுப்பு மார்க்கை மட்டும் வைத்து ஆள் எடுப்பது முற்றிலும் ஒழிந்துவிடவில்லை, கிராம அஞ்சல் பணியாளர் வேலைக்கு இன்றும் அதுதான்.

வாத்தியார் வேலையும் அப்படியே. அன்று எஸ்.எஸ்.எல்.சி. முடித்து இரண்டு வருடப் பயிற்சி. இன்று ஆரம்பப் பள்ளிக்கே பிளஸ் டூ, இரண்டு வருட டிப்ளமோ, அதற்கு மேல் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் 150-க்கு 90, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அதைவிடக் குறைவு. டெட் பாஸ் செய்தாலே வேலை என்பதும் இல்லை, நியமனத்துக்குத் தனித் தேர்வு.

பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக் போவதைக் குறைவாகப் பேசுவது அப்பா தலைமுறையின் பழக்கம். மூன்று வருட டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், மொத்தம் ஆறு வருடம், பிளஸ் டூ வழியில் போனாலும் ஆறுதான். வழியில் நின்றால் ஒருவர் கையில் டிப்ளமோ இருக்கும், இன்னொருவர் கையில் பிளஸ் டூ மார்க் ஷீட் மட்டும்.

தொழிற்கல்விச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டிலும் தவறான நம்பிக்கை ஒன்று ஓடுகிறது. பிளஸ் ஒன்னில் மட்டும் அரசுப் பள்ளிக்கு மாற்றினால் கிடைக்காது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்ட (ஆர்.டி.இ.) இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

மூன்று தலைமுறைச் சான்றிதழ்களும் நிஜமாகவே ஒரே மேஜைக்கு வருவது, கல்விக் கட்டணச் சலுகைக்கான முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கும்போது. தாத்தா பாட்டி இருபக்கமும், அப்பா, அம்மா, அண்ணன், அக்கா என யாரும் பட்டதாரியாக இருக்கக்கூடாது. தாத்தாவின் எஸ்.எஸ்.எல்.சி., பி.யு.சி. இரண்டும் பட்டம் இல்லை, அவை தடையாகாது. டிப்ளமோவும் அப்படியே. அப்பா பி.எஸ்சி.யில் சேர்ந்து பாதியில் நின்றவர் என்றால் அவரும் பட்டதாரி அல்ல. ஆனால் அக்கா இதே சலுகையில் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தால் தம்பிக்குக் கிடையாது, ஒரு குடும்பத்துக்கு ஒருவர்தான். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது குடும்பத்தார் ஒவ்வொருவரின் கல்வி விவரமும் கேட்பார்கள். கவுன்சலிங் பதிவு தொடங்கியபின் போனால் தாலுகா அலுவலகத்தில் கூட்டம் நெரியும், ரிசல்ட் வருவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.