குண்டு யாருடையது என்று தெரியாவிட்டாலும் இழப்பீடு கேட்கலாம்: தலச்சேரியில் நாங்கள் அலைந்த கதை

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர் பக்கம். கேரளாவில் கண்ணூர் மாவட்டம் தலச்சேரிக்கு வெளியே பழைய இரும்புக் கடை போட்டுப் பதினாறு வருஷம் ஆகிறது, அங்கே ஆக்ரிக்கடை என்பார்கள். 2019-ல் என் தம்பிக்குக் கை போனது. அப்புறம் இழப்பீட்டுக்கு எங்கெங்கே போனோம், என்னென்ன காகிதம் கொடுத்தோம் என்று நம்மூர் ஆட்கள் அடிக்கடி போன் போட்டுக் கேட்கிறார்கள். எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு மூட்டையைக் கொட்டித் தம்பி தரம் பிரித்துக்கொண்டிருந்தான். உள்ளே ஒரு சின்ன ஸ்டீல் டப்பா, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற மாதிரிதான், மூடியைச் சுற்றிக் கறுப்பு இன்சுலேஷன் டேப். "அண்ணே, உள்ள என்னமோ கனமா கெடக்கு" என்றான். இரும்பைவிட ஸ்டீலுக்கு விலை கூட, பிரித்தால் தனியாகப் போடலாம், அவ்வளவுதான் அவன் கணக்கு. நான் தராசுப் பக்கம் திரும்பினேன். சத்தம் எனக்கு ஞாபகமே இல்லை, காது அடைத்துப் போய்விட்டது. புகை கலைந்ததும் அவன் வலது கையை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அதில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான் இருந்தன. சுவரில் ஆணியும் கண்ணாடிச் சில்லும் குத்தி நின்றன, குண்டுக்குள் வைத்தவை.

கண்ணூர் மாவட்டத்தில் மார்க்சிஸ்ட் கட்சிக்கும் ஆர்.எஸ்.எஸ்.-பாஜகவுக்கும் அறுபதுகளின் கடைசியிலிருந்தே வெட்டும் பதில் வெட்டும்தான். 1999-ல் ஓணத்தன்று மார்க்சிஸ்ட் தலைவர் ஒருவரை வீடு புகுந்து வெட்டினார்கள், உயிர் பிழைத்தார். அந்த டிசம்பரிலேயே மொகேரியில் பாஜகக்காரரான ஓர் ஆசிரியரை வகுப்பறையில் பிள்ளைகள் கண்ணெதிரே வெட்டிக் கொன்றார்கள். இதெல்லாம் கட்சிக்காரன் கட்சிக்காரனை வெட்டியது. எங்களைப் போன்றவர்களுக்கு வினையே வேறு: சண்டைக்கென்று செய்து ஆளில்லாத தோட்டத்திலும் புதரிலும் ஒளித்து வைத்துவிட்டு, அப்படியே விட்டுவிடுகிற குண்டுகள். 1998-ல் பழைய சாமான் பொறுக்கிய ஒரு தமிழ்ப் பையனுக்குக் கையும் கண்ணும் போயின. 2022-ல் மட்டன்னூர் பக்கம் சாவசேரியில் இதே தொழில் செய்த அசாம்காரர்கள், தகப்பனும் மகனும், செத்தார்கள். 2024-ல் எரஞ்ஞோளியில் தேங்காய் பொறுக்கப் போன ஒரு பெரியவர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் நிற்பதற்கு முன்னாலேயே ஒருத்தர் கேட்டுவிட்டார், "ஏது பார்ட்டியா?" எந்தக் கட்சி என்று அர்த்தம். குண்டு வெடித்துக் கை போனவன் என்றால் குண்டு கட்டியவன் என்றுதான் முதல் சந்தேகம் வரும், அங்கே அப்படிப் பலபேர் மாட்டியிருக்கிறார்கள். ஸ்டேஷனிலும் அதே கேள்வி. நாலு நாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அன்றைக்கு மூட்டை வாங்கிய இடங்களைக் குறித்த கடை நோட்டுதான் எங்களைக் காப்பாற்றியது. தயவுசெய்து நோட்டு எழுதுங்கள்.

இரண்டு கட்சிக்காரர்களும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், ஆரஞ்சு வாங்கி வந்தார்கள். இவர் போனதும் அவர் வருவார், இது அவங்க குண்டு என்பார். கட்சிக்காரனுக்கு அடிபட்டால் கட்சி வசூல் பண்ணும், வக்கீல் வைக்கும், செத்தால் முக்கில் அவன் பேரில் நினைவுத் தூண் எழுப்பும். எங்களுக்கு ஓட்டு சாத்தூரில். எங்களுக்காக யார் வசூல் பண்ணுவார்கள்?

அடுத்தது காயச் சான்று. அதில் 'பட்டாசு விபத்து' என்று எழுதியிருந்தது, எழுதியவர் என்ன நினைத்தாரோ. மலையாளமும் இங்கிலீஷும் சரியாகப் படிக்கத் தெரியாததால் மூன்று வாரம் எங்களுக்கே தெரியாது. பக்கத்து டீக்கடைச் சேட்டன்தான் வாசித்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது மாற்றியில்லெங்கில் ஒண்ணும் கிட்டில்ல" என்றார், மாற்றாவிட்டால் ஒன்றும் கிடைக்காதாம். மாற்ற எட்டு நடை நடந்தேன். டிஸ்சார்ஜ் ஆகும்போதே யாரையாவது விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

இழப்பீடு என்று ஒன்று இருப்பதே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், அதாவது இலவசச் சட்ட உதவி செய்கிற அரசு அமைப்பில், ஒரு வக்கீலம்மா சொல்லித்தான் தெரியும். மாவட்டக் கோர்ட் தலச்சேரியில்தான் இருக்கிறது, ஒரு வகையில் எங்களுக்கு வசதி. குற்றவாளி யாரென்றே தெரியாமல், கேஸ் விசாரணைக்கே வராமல் போனாலும் பாதிக்கப்பட்டவர் ஆணைக்குழுவில் நேரடியாக மனுப் போடலாம், அப்போது அது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 357ஏ, இப்போது அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 396-ஆவது பிரிவு. மாற்றுத்திறனாளிக்கு வக்கீல் இலவசம், வருமானம் பார்ப்பதில்லை. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 15100-க்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

எஃப்.ஐ.ஆர். நகல், திருத்திய காயச் சான்று, ஆஸ்பத்திரி பில்கள், ஊனச் சான்று, பாங்க் பாஸ்புக், இவ்வளவும் கொடுத்தோம். ஊனச் சான்றுக்கு மருத்துவக் குழு முன்னால் நிறுத்தினார்கள், பேனாவைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்கள், அவன் பிடித்தான், கீழே விழுந்தது, குனிந்து எடுத்து மறுபடியும் பிடித்தான். போதும் என்று அவர்கள் சொல்கிற வரைக்கும் அப்படியே செய்துகொண்டிருந்தான். நான் வெளியே வந்துவிட்டேன். நாற்பது சதவீதத்துக்குக் குறைந்தால் பல சலுகை கிடைக்காது, இவனுக்குத் தாண்டிவிட்டது. அதற்கு நான் சந்தோஷப்பட்டேன், யோசித்தால் அசிங்கமாகத்தான் இருக்கிறது.

கடைசியாக இழுத்தடித்தது போலீஸ் தர வேண்டிய ஒரே ஒரு கடிதம். ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதித் தர அவர்களுக்கு மனசே வரவில்லை, விசாரணை நடக்கிறது என்றே மாதக்கணக்கில் சொன்னார்கள். வக்கீலம்மா ஆணைக்குழு மூலமாக எழுதிக் கேட்டபிறகுதான் வந்தது. அந்த ஒற்றை வரியை வைத்துத்தான் பணம் வந்தது. ஆஸ்பத்திரிக்கு வாங்கிய வட்டிக்கடனில் பாதி அடைந்தது.

தம்பி இப்போது இடது கையால் எடைக்கல் வைக்கிறான், கணக்கும் எழுதுகிறான், எழுத்துதான் கோணல். மூடி போட்ட ஸ்டீல் பாத்திரம், அதுவும் டேப் சுற்றியது எது வந்தாலும் தொடாதீர்கள், நகர்த்தவும் வேண்டாம், ஸ்டேஷனுக்குப் போன் போடுங்கள். குண்டு ஸ்குவாடு வரும், தெருவையே மறித்துவிடுவார்கள், அன்றைக்கு வியாபாரம் கெடும், கெடட்டும்.